மர்மமாம், மர்மம்!

நேற்று எல்லோர் சுவரிலும் ஓடிய அந்த 'கடல் விழுங்கிய மர்மக் கப்பல்கள்' வீடியோவைத்தான் சொல்கிறேன். லிங்க் தரமாட்டேன், ஏற்கெனவே ஓடியது போதும். அமெரிக்கக் கடற்படையின் திரெஷர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டி, நாய் ஊளையிடுகிற மாதிரி மியூசிக் போட்டு, "129 பேர் எங்கே போனார்கள்?" என்று கேட்கிறார் அண்ணன்.

எங்கேயும் போகவில்லை அண்ணே. அட்லாண்டிக்கில், அமெரிக்காவின் கேப் காட் கரைக்குக் கிழக்கே, சுமார் 8,400 அடி ஆழத்தில் கப்பல் உடைந்து கிடக்கிறது. அந்த வருடமே படமும் எடுத்துவிட்டார்கள். 1963 ஏப்ரல் 10, ஒன்பது மாதம் ரிப்பேரில் நின்றுவிட்டு ஆழச் சோதனைக்குப் போன நாள். கடல்நீர்க் குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருக்க வேண்டும், தண்ணீர் பட்டு மின்சாரம் போய் அணு உலை நின்றிருக்க வேண்டும் என்றது விசாரணை. மேலே எழும்பத் தொட்டிகளில் காற்றை அடித்தால், காற்றிலிருந்த ஈரமே பனிக்கட்டியாகி வழியை அடைத்துக்கொள்ளும் என்பது பிறகு செய்த சோதனையில் தெரிந்தது.

அதைவிடக் கொடுமை, அந்த ரிப்பேரின்போதே 145 இணைப்புகளை அல்ட்ராசோனிக் வைத்துப் பார்த்ததில் 14 சதவீதம் தேறவில்லை. இருந்ததோ சுமார் 3,000. மீதியைப் பார்க்காமலே கடலுக்கு அனுப்பினார்கள். மர்மமாம்!

என் சித்தப்பா பைப் ஃபிட்டர். கசிகிற ஜாயின்ட்டைக் காட்டினால் "பெயின்ட் அடிச்சு விடுய்யா" என்ற சூப்பர்வைசரோடு சண்டை போட்டு ஒரு வாரச் சம்பளத்தை இழந்தவர். அன்று ராத்திரி சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. திரெஷரில் செத்தவர்களில் 17 பேர் கடற்படைக்காரர்களே இல்லை, சோதனைக்குக் கூடப் போனவர்கள். அவர்களில் எத்தனை சித்தப்பாவோ.

"1968-ல் மூழ்கிய இன்னொரு அமெரிக்க நீர்மூழ்கி ஸ்கார்பியனுக்கு இன்னும் காரணம் தெரியாதே" என்பீர்கள். சரி, உறுதியாகத் தெரியாது. அதனால் பெர்முடா முக்கோணப் பேய் என்றாகிவிடுமா? திரெஷருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்த சப்சேஃப் பாதுகாப்பு முறையில் சான்று பெற்ற ஒரு கப்பல்கூட இன்றுவரை மூழ்கவில்லை. ஸ்கார்பியனுக்கு அந்தச் சான்று கிடையாது. பேய்க்குச் சான்றிதழ் பார்க்கத் தெரியும் போல.

"ஜாலியா பார்த்துட்டுப் போங்க பாஸ்" என்று கமென்ட்டில் ஒரு தம்பி. நான் பொறுமையாக எழுதிய பதிலுக்கு நாற்பது சிரிப்பு எமோஜி. வலித்தது, மறைப்பானேன். 2017-ல் காணாமல் போன அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கியில் 44 பேர், அது கிடக்கும் இடம் தெரியவே ஒரு வருடமானது. அந்த வீட்டுக்காரர்களிடம் போய் ஜாலி என்று சொல்லிப் பாருங்கள் தம்பி.

இப்போது பார்ட் 2 வருகிறதாம், 2000-ல் மூழ்கிய ரஷ்ய நீர்மூழ்கி குர்ஸ்க். வெடிப்புக்குத் தப்பி 23 பேர் ஒன்பதாவது அறையில் ஒடுங்கியிருக்க, அவர்களில் ஒருவரான அதிகாரி கொலெஸ்னிகோவ் இருட்டில் தடவித் தடவிப் பெயர்களை எழுதிய அந்தத் தாளுக்கும் அதே ஊளை மியூசிக்தானா அண்ணே?