டிரெய்லர் தின்ற அரை மணி நேரம்: டெர்மினேட்டர் 2

டெர்மினேட்டர் 2 என்று பேச்சை எடுத்தாலே உருகி ஓடும் அந்த உலோக வில்லனைப் பற்றித்தான் ஆரம்பிக்கிறார்கள். கம்பி வழியே நுழைந்தான், தரையிலிருந்து எழுந்தான், அந்தக் காலத்திலேயே என்ன கிராபிக்ஸ் பாருங்கள் என்று. என் கட்சி வேறு. அந்தப் படத்தின் உண்மையான வித்தை முதல் அரை மணி நேரத்தில், திரைக்கதையில் இருக்கிறது. அதை இன்றைக்கு யாரும் அனுபவிக்க முடியாது. 1991-லேயே பாதிப் பேரால் முடிந்திருக்காது. காரணம் டிரெய்லர்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை எல்லாம் கிடையாது. படம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.)

முதல் பாகம் 1984 அக்டோபரில் வந்தது. செலவு சுமார் 64 லட்சம் டாலர். அது ஆடியன்ஸ் மனதில் ஒரு கணக்கைப் பதித்துவிட்டுப் போனது. 2029-லிருந்து, மின்னலுக்கு நடுவே, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். மலை மாதிரி இருப்பவன் (அர்னால்ட்) சாரா என்ற பெண்ணைக் கொல்ல வந்த இயந்திரம். ஒல்லியாக இருப்பவன் அவளைக் காப்பாற்ற வந்த மனிதன்.

இரண்டாம் பாகத்தைத் தொடங்கும்போது இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் இந்தக் கணக்கை அப்படியே நம் தலையில் ஓடவிடுகிறார். சாராவின் குரல், பின்னாளில் இயந்திரங்களை எதிர்த்துப் போராடப்போகும் அவள் மகன், சிறுவன் ஜானைக் கொல்ல ஒருவன் அனுப்பப்பட்டான், அவனைக் காக்க எதிரணியும் ஒருவனை அனுப்பியது என்கிறது. யார் எவர் என்று சொல்வதில்லை. அடுத்து அர்னால்ட் வருகிறார். பாருக்குள் நுழைந்து உடுப்பு, பூட்ஸ், பைக் எல்லாம் பறிக்கிறார். பிறகு ஒல்லியான ஒருவன் வருகிறான், ஒரு போலீஸ்காரரை அடித்துச் சாய்த்து யூனிஃபார்மையும் காரையும் எடுத்துக்கொள்கிறான். 1984-ஐப் பார்த்தவனுக்குச் சந்தேகமே வராது.

இங்கேதான் எழுத்தின் நேர்மை. அந்த பாரில் அத்தனை பேர் அடி வாங்குகிறார்கள், ஒருவன் தோளில் கத்தி இறங்குகிறது, ஒருவன் அடுப்பின் மேல் போய் விழுகிறான். யாரும் சாவதாகக் காட்டப்படுவதில்லை. ஒல்லி ஆள் போலீஸ்காரரின் வயிற்றில் குத்துகிறான், அவர் விழுகிறார். கையால் குத்தினானா, கையே கத்தியாகிக் குத்தியதா என்று நமக்குக் காட்டுவதில்லை. ஜானின் வளர்ப்புப் பெற்றோர் வீட்டு வாசலில் அவ்வளவு பணிவாகப் பேசுகிறான். காலையில் பைக்கில் ஒரு பெரிய ஆளும் பையனைத் தேடி வந்தான் என்று அந்த அம்மா சொல்ல, அவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்கிறான். முதல் தடவை கேட்டால் ஆறுதல் வார்த்தை. மறுபடி பார்க்கும்போது முதுகு சில்லிடும். எந்த இடத்திலும் படம் பொய் சொல்லவில்லை. பொய்யை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

ஜான் போலீஸைக் கண்டு ஓடுவதற்கும் தனிக் காரணம் வைத்திருக்கிறார்கள். சற்று முன்புதான் அவன் ஏடிஎம்மிலிருந்து பணம் திருடியிருக்கிறான். அதனால் அவன் ஓடுவதை வைத்து வில்லன் யாரென்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஓடிப் போய் ஷாப்பிங் மாலின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்கிறான். எதிரே ரோஜாப் பெட்டிக்குள் ஷாட்கன்னோடு அர்னால்ட். பின்னால் கைத்துப்பாக்கியோடு போலீஸ்காரன். குனியச் சொல்கிறார் அர்னால்ட், பையன் தலைக்கு மேலே குண்டு பறக்கிறது, போலீஸ் நெஞ்சில் வெள்ளிக் குழிகள் விழுகின்றன. ஏழு வருஷத்து நம்பிக்கை ஒரே ஷாட்டில் தலைகீழ்.

இதற்காக அரை மணி நேரம் அடுக்கடுக்காகக் கட்டியதை, முழு டிரெய்லர் வெளியான அன்றே போட்டு உடைத்துவிட்டார்கள். அர்னால்ட் இந்த முறை நல்லவர், வில்லன் திரவ உலோகம், எல்லாம் அதிலேயே இருந்தது. அதற்கு முன்னால் வந்த டீசர் எவ்வளவோ மேல். படத்தின் பொம்மை வேலைகளைச் செய்த ஸ்டான் வின்ஸ்டன் இயக்கியது. தொழிற்சாலையில் ஒரு டெர்மினேட்டரை அசெம்பிள் செய்வதை மட்டும் காட்டி, கதையைத் தொடாமல் நின்றுகொண்டது.

ஏன் உடைத்தார்கள் என்றால், பணம். அதற்குப் படத்தின் பின்னணி தெரிய வேண்டும்.

முதல் படத்தை இயக்கும் வாய்ப்புக்காக கேமரூன் கதையின் உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றிருந்தார். மீதி உரிமை ஹெம்டேல் நிறுவனத்திடம். இரண்டு பக்கமும் சம்மதிக்காமல் இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. பல வருஷம் அப்படியே கிடந்தது. கடைசியில் கரோல்கோ நிறுவனத்தின் மாரியோ கஸார் இரண்டு பங்கையும் வாங்கினார். படம் தொடங்கும் முன்னரே இதில் கோடிக்கணக்கான டாலர் போய்விட்டது. அர்னால்டுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் விமானமாகப் போனது. மொத்தச் செலவு சுமார் 10 கோடி டாலரைத் தொட்டது. அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு ஆனதில்லை.

கால அவகாசமும் கழுத்தைப் பிடித்தது. 1990 மே மாத கான் விழாவில் அறிவிக்க வேண்டும் என்பதற்காக கேமரூனும் வில்லியம் விஷரும் சில வாரங்களில் திரைக்கதையை முடித்தார்கள். 1990 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியது, 1991 மார்ச் வரை இழுத்தது, ஜூலை 3-ல் ரிலீஸ். இத்தனை பணத்தை வைத்துக்கொண்டு, 1991-ல் உச்ச நட்சத்திரமாக இருந்த அர்னால்டை வில்லன் என்று நம்ப வைத்து டிக்கெட் விற்க விளம்பரக்காரர்களுக்குத் தைரியம் வரவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் தப்பென்று சொல்ல முடியாது, உலகம் முழுக்க சுமார் 52 கோடி டாலர் வசூல். கலையாகப் பார்த்தால் கொலை.

இனி அந்த உலோக ஆள். திரவ உலோகக் கொலையாளி என்ற யோசனை முதல் படத்தின் காலத்திலேயே கேமரூனிடம் இருந்தது, செய்து காட்டும் தொழில்நுட்பம்தான் இல்லை. 1989-ல் அவருடைய தி அபிஸ் படத்துக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் முகம் காட்டும் நீர்த்தூண் ஒன்றை கம்ப்யூட்டரில் உருவாக்கியது. அது சரியாக வந்தது, இந்தக் கதவு திறந்தது.

திறந்த கதவை அவர்கள் எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 137 நிமிடப் படத்தில் கம்ப்யூட்டரில் செய்தது ஏறக்குறைய 5 நிமிடம். மீதி எல்லாம் கைவேலை. நெஞ்சில் குண்டு பட்டுப் பூப்போல் விரியும் அந்த வெள்ளிக் காயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகப் பூச்சுப் பூசிய ரப்பர் நுரை மலர்களை ஸ்பிரிங்கில் மடித்து யூனிஃபார்முக்கு அடியில் வைப்பார்கள். துணியை அந்த இடத்தில் முன்கூட்டியே கீறி வைத்திருப்பார்கள். விசையை விடுவித்ததும் மலர் துணியைக் கிழித்துக்கொண்டு விரியும். ஆனால் தானாக மடங்கி உள்ளே போகாது. அங்கே மட்டும் கம்ப்யூட்டர். லிஃப்ட்டில் தலை இரண்டாகப் பிளப்பதும் இதே கணக்குதான். பிளப்பது ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மை, ஒட்டிக்கொள்வது கம்ப்யூட்டர். இந்தக் கைமாற்றம் எந்த ஃபிரேமில் நடக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அதையும்விட மலிவான வித்தை இரட்டையர்கள். மருத்துவமனைக் காவலாளியும் அவரைப் போலவே எழும் வில்லனும் நிஜ வாழ்க்கையில் இரட்டையர், டான் ஸ்டான்டனும் டேன் ஸ்டான்டனும். கிளைமாக்ஸில் இரண்டு சாரா தெரியும் இடத்தில் லிண்டா ஹாமில்டனுடன் நிற்பது அவருடைய இரட்டைச் சகோதரி லெஸ்லி.

ஒலியைக் கேட்டால் சிரிப்பீர்கள். வில்லன் கம்பிகளுக்குள் வழியும் காட்சிக்கு, ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரம் நாய் உணவு டின்னைக் கவிழ்த்து, உள்ளே இருப்பது மெல்ல வழுக்கி வெளியே வரும் சத்தத்தைப் பதிவு செய்தார். அதே காட்சியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. உடல் முழுக்கக் கம்பியைக் கடந்துவிடும், கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் கம்பியில் தட்டி மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி உருகாது அல்லவா. அந்த அரை நொடித் தடுமாற்றம்தான் மொத்தக் காட்சியையும் நம்ப வைக்கிறது.

சக்திக்கு எல்லை வைப்பது எப்படி என்பதற்கும் இந்த வில்லன் நல்ல பாடம். கத்தி, ஊசி போன்ற எளிய வடிவங்கள் எடுக்கலாம். துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ மாற முடியாது, அதற்குள் நகரும் பாகங்களும் ரசாயனமும் வேண்டும் என்று அர்னால்ட் பாத்திரம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே அவன் ஓடித்தான் பிடிக்க வேண்டும், லாரி ஓட்டித்தான் துரத்த வேண்டும். வில்லனாக நடித்த ராபர்ட் பாட்ரிக் அதற்கேற்ப, ஓடும்போது வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விடவும், சுடும்போது கண் சிமிட்டாமல் இருக்கவும் பயிற்சி எடுத்தார். கிராபிக்ஸை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த ஓட்டம் பயமுறுத்தும்.

வெள்ள வடிகால் கால்வாயில் நடக்கும் லாரித் துரத்தல் லாஸ் ஏஞ்சல்ஸில் நிஜமாக எடுத்தது. லாரி பாலத்திலிருந்து குதித்து இறங்கும்போது முன்கண்ணாடி கழன்று விழும், அடுத்த ஷாட்டில் திரும்ப இருக்கும். பைக்கில் பாய்வது டூப் என்று முகமும் காட்டிக்கொடுக்கும். 2017-ல் வந்த 3டி பதிப்பில் இந்த இரண்டையும் சரி செய்தார்கள். ஹெலிகாப்டர் பாலத்துக்கு அடியில் நுழைவது மினியேச்சர் என்று நினைப்பவர்கள் உண்டு. விமானி நிஜமாகவே நுழைந்தார்.

கதைக்கு வருவோம். முதல் பாதி ஆடியன்ஸை ஏமாற்றியது, இரண்டாம் பாதி பாத்திரங்களை இடம் மாற்றுகிறது. யாரையும் கொல்லக் கூடாது என்று ஜான் கட்டளையிட்டதும் இயந்திரம் முழங்காலில் சுடக் கற்றுக்கொள்கிறது. சைபர்டைன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தின் கட்டடத்தின் முன் அத்தனை போலீஸ் வண்டிகளை மினிகன்னால் துளைத்த பிறகு அதன் பார்வையில் மனிதச் சாவு பூஜ்யம் என்று எழுத்து ஓடுகிறது. அதற்கு முன்பே சாரா, மனிதர்களை அழிக்கப்போகும் கம்ப்யூட்டரான ஸ்கைநெட்டுக்கு வித்திடப்போகும் சைபர்டைன் பொறியாளர் மைல்ஸ் டைசனைக் கொல்ல லேசர் குறி வைத்த துப்பாக்கியோடு போகிறாள். குடும்பம் பார்க்க, காயம்பட்டவனை நோக்கி நிதானமாக நடக்கிறாள். 1984-ல் அவளைத் துரத்திய இயந்திரத்தின் நடை அது. வசனமே இல்லாமல் விளங்கும் இடம்.

டைசனின் ஆராய்ச்சிக்கு மூலம், முதல் படத்தில் நசுங்கிய இயந்திரத்தின் சிப்பும் கையும். இது பின்னால் ஒட்டவைத்த யோசனை என்று சிலர் சொல்வது தவறு. அந்த இயந்திரம் நசுங்கிய தொழிற்சாலை சைபர்டைனுடையது, அங்கே சிப் கிடைக்கிறது என்று முதல் படத்துக்கே காட்சி எடுத்து, பிறகு வெட்டியிருந்தார்கள்.

ஓட்டை இல்லாமலில்லை. உயிருள்ள சதை போர்த்தியது மட்டுமே காலம் கடக்கும் என்று முதல் படம் விதி வகுத்தது. முழுக்க உலோகமான இவன் எப்படி வந்தான்? படம் வாய் திறப்பதில்லை. அர்னால்ட் பாத்திரத்தின் தலையிலிருந்து சிப்பைக் கழற்றி, அதன் கற்கும் திறனைத் திறந்துவிடும் காட்சியை 1991 பதிப்பில் வெட்டியது இன்னொரு குறை. சாரா அந்தச் சிப்பை நொறுக்கப் போகிறாள், மகன் தடுக்கிறான். அவன் தலைவனாக எடுக்கும் முதல் முடிவு அது. அந்தக் காட்சியில் கண்ணாடி என்று நாம் நினைப்பது சுவரில் வெட்டிய ஓட்டை. இந்தப் பக்கம் அர்னால்ட் பொம்மையும் லெஸ்லியும், அந்தப் பக்கம் அர்னால்டும் லிண்டாவும், அசைவுக்கு அசைவு ஒத்துப்போகிறார்கள். பிறகு வந்த ஸ்பெஷல் எடிஷனில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

வெட்டியதில் சரியான முடிவு கடைசிக் காட்சி. வயதான சாரா பூங்காவில் உட்கார்ந்து பேரக்குழந்தையைப் பார்க்க, ஸ்கைநெட் உலகை அழிக்க வேண்டிய நாளான 1997 ஆகஸ்ட் 29 எதுவும் நடக்காமல் கடந்துபோனது என்று முதலில் முடித்திருந்தார்கள். சோதனைத் திரையிடலுக்குப் பிறகு அதைத் தூக்கிவிட்டு, இரவில் ஓடும் சாலையும் அவள் குரலும் போதும் என்று விட்டார்கள். நல்லதாயிற்று. ஏனென்றால் எஃகு ஆலையில் அவர்கள் பழைய சிப்பை உருக்கில் போடுகிறார்கள், பழைய கையைப் போடுகிறார்கள், கடைசியில் அர்னால்டும் இறங்கிவிடுகிறார். ஆனால் சண்டையில் பல்சக்கரத்தில் சிக்கி, அவர் தானே பிய்த்துக்கொண்டு வந்த இடது கை? அது அங்கேயேதான் கிடக்கிறது, யாரும் எடுக்கவில்லை.