கூடிக் கற்கிறோமாம்!

ஆசிரியர்கள் கூடிக் கற்கும் பயிற்சி என்று பெயர். நடப்பதோ, ஒருவர் திரையில் இருப்பதை வரி மாறாமல் வாசிக்க, மற்றவர்கள் தலையாட்டுவது. பிறகு குழு பிரித்து, சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் தந்து ‘விவாதியுங்கள்’ என்பார்கள். யார் கையெழுத்து அழகு என்பதுதான் விவாதம்! மூன்றைவிட நான்கு பெரியது, அதனால் 1/3-ஐவிட 1/4 பெரியது என்று அடித்துச் சொல்லும் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? அதைப் பேச நேரமில்லை. குழுப் புகைப்படத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஜப்பானில் பல காலமாகப் பாட ஆய்வு நடக்கிறது. சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள்; ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள்; பிறகு உட்கார்ந்து அலசுவார்கள். நாமோ பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்தாலே வேவு பார்ப்பதாக முகம் சுளிக்கிறோம். போதாக்குறைக்கு, ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?’ என்று படிவம் வேறு. பயிற்சி தொடங்கும் முன்பே அதை நிரப்பி வாங்கிவிடுகிறார்கள்!