பயப்படட்டும், கூட்டிக்கொண்டு போங்கள்

டாக்டர் ஹூ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரின் கண்காட்சிக்கு நாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா, பயந்துவிடுவானா என்று தோழி ஒருத்தி கேட்டிருந்தாள். அவளுக்குத் தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இன்னும் நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

சுருக்கமான பதில்: பயப்படுவான். கூட்டிக்கொண்டு போ.

நான் அந்தத் தொடருக்கு ரசிகை கிடையாது. எங்கள் வீட்டில் அந்தப் பைத்தியம் கணவருக்குத்தான். எந்த டாக்டர் எந்த வருஷம், யாருக்குப் பிறகு யார் என்பதெல்லாம் அவருக்குக் கந்த சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். ஊரே அந்தச் செய்தியில் மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் முதல் பகுதியைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. டார்டிஸ் என்ற நீல நிற போலீஸ் தொலைபேசிப் பெட்டியில் ஏறிக் காலத்தில் முன்னும் பின்னும் போய் வருவார். நடிகர் விலகினால் டாக்டரின் உடலே மாறிவிடும். 1966இல் கண்டுபிடித்த இந்த உபாயத்தால் தொடர் இன்றுவரை பிழைத்துக் கிடக்கிறது. 1989இல் நிறுத்தினார்கள். 2005இல் மறுபடி தொடங்கியபோது தயாரிப்பு வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்கு வந்தது. அங்கே தொடரின் ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே, கார்டிஃப் பே பகுதியில், 2012 ஜூலை முதல் 2017 செப்டம்பர் வரை ஒரு பெரிய கண்காட்சி இருந்தது. நாங்கள் அப்போது பிரிஸ்டலில் இருந்தோம். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கார்டிஃப். மகளுக்கு ஐந்து வயது. தொடரில் ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை.

அது நல்லது என்றுதான் சொல்வேன். கதை தெரிந்த பிள்ளைகள் 'இவன் யார் தெரியுமா' என்று ஒப்பிக்கிறார்கள். கதை தெரியாத பிள்ளைதான் பொருளைப் பார்க்கிறது.

கண்காட்சியில் முதல் பகுதி, கதைக்குள் நாமே நடந்து போவது. நாங்கள் போன சமயம் பீட்டர் கபால்டி டாக்டராக இருந்தார். திரையில் வந்து சிடுசிடுவென்று பேசி நம்மிடம் உதவி கேட்பார். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு படிகம் தருவார்கள். டார்டிஸுக்குள் நுழைந்தால் தரை ஆடும். வெளியே வந்தால் டாலெக்குகள், தொடரின் பேர்போன இயந்திரக் கூட்டு வில்லன்கள். அதைத் தாண்டினால் இருட்டில் கல் தேவதைகள். 2007இல்தான் தொடருக்குள் வந்தவை என்றாலும், பழைய ராட்சதர்கள் எல்லாரையும்விட இவற்றுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் நடுங்குகிறார்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்வரை சிலை. கண் சிமிட்டினால் கிட்டே வந்துவிடும். அவ்வளவுதான் விதி. இந்த விதியை ஐந்து வயதுப் பிள்ளைக்கு யாரும் விளக்கவே வேண்டாம், ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு இமைக்காமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, பயத்திலா இமைக்காததாலா தெரியவில்லை.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் பையனிடம் 'அது நிஜம் இல்லை, நிஜம் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அழுதுகொண்டே இருந்தான். பயந்த பிள்ளையிடம் சொல்லக்கூடிய வாக்கியங்களிலேயே பயனற்றது இதுதான் என்று நினைக்கிறேன். நிஜம் இல்லை என்று அவனுக்கும் தெரியும். வயிற்றுக்குத் தெரிய வேண்டுமே? அதோடு, 'நிஜம் இல்லை' என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு அடுத்து கேட்க ஒன்றும் இல்லை.

நான் மகள் காதில், "டிவியில இதுக்குள்ள ஒரு அக்கா இருக்காங்க. உடம்பெல்லாம் சாயம் பூசிக்கிட்டு அசையாம நிப்பாங்க. நீ ஸ்டாச்சு விளையாடுவியே, அதேதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "மூக்கு அரிச்சா என்னம்மா பண்ணுவாங்க?"

பயம் போய்விட்டது என்று கதை விட மாட்டேன். வெளியே வரும்வரை கோட்டை விடவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவில் உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. எப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்ல, பிள்ளை அடுத்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

இரண்டாம் பகுதி வழக்கமான காட்சிக்கூடம். டாக்டர்களின் உடைகள், பழைய டார்டிஸின் கட்டுப்பாட்டு மேசைகள், சைபர்மேன் என்ற இயந்திர மனிதர்களின் தலைகள், வருஷவாரியாக டாலெக்குகள். உடைகள் பக்கம் அப்பாக்கள் கூட்டம்தான். அவரும் அங்கே நின்றுவிட்டார். மகளோ டாலெக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாவாடை மாதிரி இருக்கும் அடிப்பாகத்துக்குக் கீழே கால் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டாலெக்கை எழுதியவர் டெர்ரி நேஷன், இதே கார்டிஃபில் பிறந்தவர். அதற்கு உருவம் கொடுத்தவர் ரேமண்ட் குசிக், பிபிசியில் மாதச் சம்பளத்துக்கு இருந்த வடிவமைப்பாளர். ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றித்தான் அந்தக் கூட்டை வரைந்தார். உள்ளே உட்கார்ந்திருப்பவர் காலால் தரையை உந்தி உந்தி வண்டியை நகர்த்துவார். குரல் கொடுப்பவர் வேறு ஆள்; அந்தக் குரலை ஒரு மின்சுற்று வழியாக விட்டுக் கரகரக்க வைப்பார்கள். 1963 டிசம்பரில் முதன்முதலாகத் திரையில் வந்தது, ஒன்றிரண்டு வருஷத்தில் பொம்மைக் கடை முழுக்க டாலெக். நேஷனுக்கு உரிமைப் பங்கு இருந்தது, பணக்காரர் ஆனார். குசிக் சம்பளக்காரர் என்பதால் கிடைத்தது 100 பவுண்டு அன்பளிப்பு. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

"இது நம்ம வீட்டு மாடிப்படி ஏறுமா?" என்று அவள் கேட்டாள். சக்கரம் வைத்த வண்டி, ஏறாது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கணவர் பின்னாலிருந்து, "1988லயே ஏறிடுச்சு!" என்றார், தானே ஏற்றிவிட்ட பெருமையோடு. அன்று இரவு அவள் தூங்காததற்கு முழுப் பொறுப்பும் அந்தத் தகவல்தான். தகவல் அறிந்த அப்பாக்களுக்கு என் வேண்டுகோள்: கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அவர் சொன்னதில் அவளுக்கு உடனே பிடித்துப்போனது சாவிக் கதை. டார்டிஸ் கிளம்பும்போது மூச்சிரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் தன் அம்மாவின் வாசல் சாவியை எடுத்து, ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகள் மேல் இழுத்துப் பதிவு செய்து, அந்த ஒலிநாடாவை வைத்து உருவாக்கியது அது. தொடரின் முகப்பு இசையும் அப்படித்தான். மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர். சின்தசைசர் புழக்கத்துக்கு வராத காலம். ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பதிவு செய்து, நாடாவை வெட்டி வெட்டி ஒட்டினார். கேட்டுவிட்டு கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று கேட்டாராம். பெரும்பாலும் நீங்கள்தான் என்றாராம் டெலியா. பாதிப் பெயர் அவருக்கும் போகட்டும் என்று கிரெய்னர் சொல்லிப் பார்த்தார், நிர்வாகம் விடவில்லை. டெலியாவின் பெயர் திரையில் வந்தது 2013இல், ஐம்பதாம் ஆண்டு சிறப்புப் பகுதியில். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பெண் குழந்தையோடு போகிறவர்கள் இன்னும் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். இருபதுகளில் இருந்த பெண், அன்று பிபிசி நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளரே கிடையாது. முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அவருக்கு 24 வயது. ஸ்டூடியோவில் இந்த இருவரையும் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மட்டமான ஸ்டூடியோ, சில்லறைச் செலவு. இந்த நாட்டில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு எந்த டாக்டர் எத்தனையாவது என்பதைவிட இது தெரிந்திருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என்னைத் தடுத்து நிறுத்தியது கே9. 1977இல் வந்த இயந்திர நாய். ரேடியோவில் இயங்கும். அந்த அலைவரிசை கேமராக்களோடு மோதிக்கொண்டு நாய் கண்டபடி ஓடுமாம். பல காட்சிகளில் மெல்லிய தூண்டில் நரம்பு கட்டி இழுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் ஜீனோவை நினைத்துக்கொண்டேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு நிறைந்திருக்கும். நாய் பேசுகிறது என்பதே எங்களுக்குப் போதும், அது எப்படி நகர்ந்தது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும். அந்த ஜீனோவைப் பார்க்க என் மகளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஓர் இடமும் தெரியாது. நாம் நடிகர்களை மறப்பதில்லை. அவர்கள் கையில் இருந்த பொருளையும் அதைச் செய்தவரையும் மட்டும் குப்பையில் போட்டுவிடுகிறோம்.

பிபிசி ஒன்றும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒளிநாடா விலை அதிகம், இடம் இல்லை, மறு ஒளிபரப்புக்கு வழி இல்லை என்று 1960களின் பகுதிகளை அழித்துத் தள்ளினார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் படமாகக் கிடைப்பதில்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது! அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் ஒலிப்பதிவுக் கருவியின் மைக்கை டிவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்து வைத்திருந்ததால் தப்பியது. பயந்து சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த தலைமுறை என்று அவர்களைத்தான் இங்கே சொல்வார்கள். பயமுறுத்தியதைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களும் அவர்களே.

பயம் என்றதும் மேரி வைட்ஹவுஸ் ஞாபகம் வருகிறார். டிவி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று இங்கே பல வருஷம் போராடிய அம்மையார். 1976இல் ஒரு பகுதி, டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிய நிலையில் உறைந்து முடிந்தது. அடுத்த வாரம்வரை பிள்ளைகள் அந்த முகத்தோடு படுத்துத் தூங்க வேண்டுமே என்று அவர் கொதித்தார், பிபிசி மன்னிப்புக் கேட்டது, அந்தக் காட்சியை வெட்டினார்கள். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பிள்ளையைத் தனியாக டிவி முன்னால் விட்டுவிட்டுச் சமையலறையில் நிற்கும் அம்மாவின் பயம் அது. கண்காட்சியில் அந்த நிலை இல்லை. கை பக்கத்தில் இருக்கிறது, வெளியே போகும் கதவு இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பயந்து பழக இதைவிடத் தோதான இடம் எது? பூச்சாண்டி வருவான் என்று சோறு ஊட்டுகிற நாம், வெளிச்சத்தில் விலாசத்தோடு நிற்கிற பூச்சாண்டிக்கு இவ்வளவு யோசிப்பது எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் மெர்மெய்ட் கீ பக்கம் ஒரு சுவர். முழுக்கப் பூக்கள், புகைப்படங்கள், கடிதங்கள். இயான்டோ ஜோன்ஸ் என்பவருக்கு அஞ்சலி. டாக்டர் ஹூவிலிருந்து கிளைத்த டார்ச்வுட் தொடரில் 2009இல் செத்துப்போன கதாபாத்திரம். "செத்துப்போனவங்க யாரும்மா?" என்றாள். யாரும் இல்லை, டிவியில் ஒருத்தர் என்றேன். பெரியவர்கள் எழுதிய கடிதங்களை அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். எம்ஜிஆர் சமாதியில் காது வைத்து வாட்ச் சத்தம் கேட்ட ஊரிலிருந்து வந்தவள் நான், சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

தோழிக்குச் சில நடைமுறை விஷயங்கள். கார்டிஃப் மூடிவிட்டது, ஆனால் இந்த மாதிரிக் கண்காட்சிகள் ஊர் ஊராக வந்துகொண்டேதான் இருக்கின்றன. சத்தம் பிடிக்காத பிள்ளை என்றால் காது மறைக்கும் ஹெட்ஃபோன் எடுத்துக்கொள். உள்ளே நடந்து போகும் பகுதி இருந்தால், நடுவில் வெளியேற வழி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள். கூட்டத்தின் முன்வரிசையில் நிற்காதே, வாசல் பக்கம் நில். கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் பெரியவர்கள் கண் உயரத்தில்தான் இருக்கும், தூக்கிக் காட்டக் கை வலிக்கும். கடைசியில் எந்தக் கண்காட்சியாக இருந்தாலும் கடை வழியாகத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பொருள் என்று உள்ளே நுழையும்போதே பேசி முடித்துவிடு. எங்கள் வீட்டில் வாங்கியது தொடரில் டாக்டர் கையில் வைத்திருக்கும், மந்திரக்கோல் மாதிரி விளக்கெரியும் சோனிக் ஸ்க்ரூடிரைவர். வாங்கிக்கொண்டது என் கணவர்.

மகள் இப்போது பதின்வயதில் இருக்கிறாள். தொடரைப் பார்ப்பதே இல்லை, 'அப்பாவோட சீரியல்' என்கிறாள். கல் தேவதை வரும் பகுதி என்று அவர் ஆசை காட்டிக் கூப்பிட்டாலும் மாடியிலிருந்து இறங்குவதில்லை. வேறு வழியில்லாமல் நான் உட்கார்ந்து பார்க்கிறேன். பரவாயில்லை, சுமாராக இருக்கிறது.