11-0க்குப் பட்டம் இல்லை, 9-2க்கு உண்டு: அலபாமாவின் சீசன் பட்டியலைப் படிக்கும் விதம்

1966இல் அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி 11 மேட்ச் ஆடி 11ம் ஜெயித்தது. அந்த வருஷத்துக்கு நேரே 'தேசிய சாம்பியன்' என்று அவர்கள் போட்டுக்கொள்வதில்லை. 1941இல் அதே 11 மேட்ச், இரண்டில் தோல்வி, ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 20ஆவது இடம். கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் வட்டாரக் கூட்டமைப்பு) பட்டம்கூட மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போய்விட்டது. ஆனால் 1941க்கு நேரே 'தேசிய சாம்பியன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

(ஃபுட்பால் என்றதும் நம்ம கால்பந்து என்று நினைக்க வேண்டாம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்உருண்டைப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.)

"எங்க டீம் 18 தடவை சாம்பியன், உங்க டீம் எத்தனை?" என்று பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பட்டியலில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அந்தந்த வருஷத்து விதிப்படி எழுதப்பட்டது. விதி தெரியாமல் 1926ஐயும் 2020ஐயும் அடுத்தடுத்து வைத்துக் கூட்டினால், அணாவையும் பைசாவையும் சேர்த்துக் கூட்டிய கணக்குதான்.

முதலில் பட்டக் கணக்கு. கல்லூரி ஃபுட்பாலில் ரொம்ப காலம் இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது. ஏ.பி. செய்தி நிறுவனம் 1936இலிருந்து விளையாட்டு நிருபர்களிடம் ஓட்டு வாங்கி வரிசை போட்டது. 1950இலிருந்து கோச்களின் ஓட்டு இன்னொரு வரிசை. அதைப் பின்னாளில் யூ.பி.ஐ. என்றார்கள். (பணம் அனுப்புகிற யூ.பி.ஐ. இல்லை, யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்.) கடைசி ஓட்டு நவம்பர் முடிவிலோ டிசம்பர் தொடக்கத்திலோ நடந்து முடிந்துவிடும். பெரிய அணிகள் மோதும் பவுல் மேட்ச்கள் அதற்குப் பிறகு, புத்தாண்டை ஒட்டி. பரீட்சைக்கு முன்னாலேயே ரிசல்ட் ஒட்டுகிற மாதிரி.

இதன் கூத்தைப் பார்க்க, அலபாமா கோச் 'பேர்' பிரையன்ட் ('பேர்' என்றால் கரடி, பட்டப்பெயர்) காலத்தின் மூன்று வரிகளை அடுத்தடுத்துப் படித்தால் போதும்.

1964: சீசன் முடிவில் 10-0. ஏ.பி., யூ.பி.ஐ. இரண்டும் பட்டம் கொடுத்துவிட்டன. அப்புறம் ஆரஞ்சு பவுலில் டெக்ஸஸிடம் 17-21 தோல்வி. பட்டியலில் 10-1, பட்டம் பத்திரம். எல்லா மேட்சும் ஜெயித்த ஆர்கன்சாவுக்கு ஃபுட்பால் எழுத்தாளர் சங்கத்தின் பட்டம்தான் மிஞ்சியது.

1965: ஏ.பி. விழித்துக்கொண்டு, கடைசி ஓட்டைப் பவுலுக்குப் பிறகு வைத்தது. அலபாமா அப்போது நாலாவது. முதலிடத்து மிச்சிகன் ஸ்டேட் ரோஸ் பவுலில் தோற்றது, இரண்டாமிடத்து ஆர்கன்சா காட்டன் பவுலில் தோற்றது, மூன்றாமிடத்து நெப்ராஸ்காவை ஆரஞ்சு பவுலில் அலபாமாவே 39-28 என்று சாய்த்தது. 9-1-1 (வெற்றி-தோல்வி-டை) என்ற ரெக்கார்டோடு பட்டம்.

1966: ஏ.பி. மறுபடி பழைய வழக்கத்துக்கே போனது. நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் நவம்பர் 19 அன்று மோதி 10-10 என்று டை. இரண்டும் 9-0-1. ஓட்டில் இவை இரண்டும் முதல் இரண்டு இடம், டையே இல்லாத அலபாமா மூன்றாவது. அப்புறம் சுகர் பவுலில் நெப்ராஸ்காவை 34-7 என்று அடித்தார்கள். எண்ணுவதற்கு ஆளில்லை.

1966 வரியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பவுலுக்கு முந்தைய 10 மேட்சில் எதிரணிகள் எடுத்தது மொத்தம் 37 புள்ளி. ஆறு மேட்சில் எதிரணிக்கு முட்டை. கண்டம் வந்தது ஒரே ஒரு இடத்தில்தான்: டென்னசி. 0-10 என்று பின்தங்கியிருந்து 11-10 என்று ஜெயித்தார்கள். இந்த 11 எப்படி வந்தது என்று பார்த்தால் அந்தக் கால விதியும் தெரிந்துவிடும். டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) 6, அதன் பிறகு எளிதான 1 புள்ளி உதையை விட்டுவிட்டுத் துணிந்து எடுத்த 2, கடைசியில் ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3. அந்த 2 புள்ளி வாய்ப்பே கல்லூரி ஆட்டத்துக்கு 1958இல்தான் வந்தது.

மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும். அந்த சீசனைத் தொடங்கியது லூசியானா டெக் மாதிரி சின்ன அணியோடு. இன்னொன்று, 1966இல் அலபாமா முழுக்க வெள்ளை மாணவர்கள் மட்டுமே கொண்ட அணி. நிருபர்கள் மனதில் எது எவ்வளவு கனத்தது என்று ஓட்டுச்சீட்டு சொல்லாது.

சரி, 1941 எப்படி உள்ளே வந்தது? 1980களில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவு, பிரையன்ட்டுக்கு முந்தைய ஐந்து வருஷங்களைப் பட்டக் கணக்கில் சேர்த்தது: 1925, 1926, 1930, 1934, 1941. முதல் நான்குக்கும் நியாயம் இருக்கிறது. நாலு வருஷமும் ஒரு தோல்விகூட இல்லை, நாலிலும் ரோஸ் பவுல் ஆடினார்கள், அப்போது ஏ.பி. ஓட்டே கிடையாது. 1941க்கு ஆதாரம் ஹூல்கேட் என்பவரின் கணக்கு முறை ஒன்று. அந்த வருஷம் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 0-14, வாண்டர்பில்ட்டிடம் 0-7. ஒரு புள்ளிகூட எடுக்காமல் இரண்டு தோல்வி. காட்டன் பவுலில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம்மை 29-21 என்று ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த மேட்ச் முழுக்க அலபாமா எடுத்த ஃபர்ஸ்ட் டவுன் (நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறுவது) ஒன்றே ஒன்று. எதிரணி 12 தடவை பந்தைக் கோட்டைவிட்டது. என் கருத்து நேரடியானது: 18இல் 1941ஐ எடுத்துவிட்டு 17 என்று போட்டாலும் இந்த அணியின் மரியாதை ஒரு அங்குலம் குறையாது. 1966ஐச் சேர்த்து மறுபடி 18 ஆக்கினால் வாதாடவாவது முடியும்.

1973இல் யூ.பி.ஐ.யும் சூடுபட்டது. பவுலுக்கு முன்பே அலபாமாவுக்குப் பட்டம் கொடுத்தது, சுகர் பவுலில் நோட்ர டேம் 24-23 என்று ஜெயித்துவிட்டது. அடுத்த வருஷத்திலிருந்து கோச்களும் பவுலுக்குப் பிறகுதான் ஓட்டுப் போட்டார்கள். ஆக, பட்டத்துக்கு நேரே யார் கொடுத்தது, பவுலுக்கு முன்பா பின்பா என்ற குறிப்பு இல்லாத பட்டியலை ஓரமாக வைத்துவிடலாம்.

அடுத்தது, பலரும் வழுக்கி விழும் இடம். பறிபோன வெற்றிகள்.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் கணக்கு வேறு. 'ஃபோர்ஃபிட்' என்றால் ஜெயித்த மேட்ச் தோல்வியாக மாறும், எதிரணிக்கு வெற்றி ஏறும். 'வெக்கேட்' என்றால் வெற்றி அழிக்கப்படும், ஆனால் தோல்வியாக மாறாது. எதிரணியின் கணக்கில் அது தோல்வியாகவே கிடக்கும். அலபாமா பட்டியலில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

1993இல் களத்தில் எடுத்தது 9-3-1. தகுதியில்லாத ஒரு வீரரை ஆடவைத்ததற்காக 8 வெற்றியும் ஒரு டையும் ஃபோர்ஃபிட். கூட்டிப் பாருங்கள்: வெற்றி 9இல் 8 போனால் 1. தோல்வி 3, அதோடு 8, அதோடு அந்த டை 1, ஆக 12. பட்டியலில் 1-12. மிஞ்சிய அந்த ஒன்று, அவர் ஆடாத கேட்டர் பவுல். இந்த வரியை மட்டும் பார்த்தால், 1992இல் 13-0 எடுத்து மயாமியை 34-13 என்று நொறுக்கிய அணி ஒரே வருஷத்தில் நாசமாய்ப் போனதாகத் தோன்றும். ஒன்றும் நடக்கவில்லை, நல்ல அணிதான்.

2005 முதல் 2007 வரை வேறு கதை. வீரர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் பாடப்புத்தக வசதியில் சிலர் மற்றவர்களுக்கும் புத்தகம் எடுத்துக் கொடுத்தார்கள். 2009 ஜூனில் தீர்ப்பு: ஃபுட்பாலில் 21 வெற்றி வெக்கேட். 2005இன் 10-2 என்பது 0-2 ஆனது. 2006இன் 6-7, 0-7 ஆனது. 2007இல் கோச் நிக் சேபனின் முதல் சீசன் 7-6. அக்டோபரில் ஐந்து வீரர்களை உட்காரவைப்பதற்கு முன் ஜெயித்த 5 மட்டும் போய் 2-6. அதனால்தான் அலபாமாவில் சேபனின் மொத்தக் கணக்கு ஓரிடத்தில் 206-29 என்றும் இன்னோரிடத்தில் 201-29 என்றும் இருக்கிறது. இரண்டும் சரி. ஒன்று களத்துக் கணக்கு, மற்றது அதிகாரபூர்வக் கணக்கு. தப்பு எங்கே வரும் என்றால், ஒரு வருஷத்துக்குக் களத்துக் கணக்கையும் அடுத்த வருஷத்துக்கு அதிகாரபூர்வக் கணக்கையும் எடுத்து மொத்தம் போடும்போது. சொந்தமாகப் பட்டியல் போடுகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனி பத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பத்திக்குள் நட்சத்திரக் குறி போட்டுச் சமாளித்தால், அடுத்த ஆள் காப்பி எடுக்கும்போது நட்சத்திரம் உதிர்ந்துவிடும்.

டை பற்றி ஒரு வரி. 1996இல் ஓவர்டைம் வந்ததும் மூன்றாவது எண் மறைந்தது. அதற்கு முந்தைய சதவீதத்துக்கு டையை அரை வெற்றியாக எடுக்க வேண்டும்: 1926இன் 9-0-1 என்பது .950. டையை விட்டுவிட்டு வகுத்தால் 1.000 என்று வந்துவிடும், அது பொய்க்கணக்கு.

வருஷத்தின் பெயரும் காலை வாரும். ஜனவரி 1 பவுல், முந்தைய வருஷத்து சீசனைச் சேர்ந்தது. வாஷிங்டனை 20-19 என்று ஜெயித்த ரோஸ் பவுல் நடந்தது 1926 ஜனவரி 1. பட்டியலில் அது 1925. ஸ்டான்ஃபோர்டோடு 7-7 டை ஆனது 1927 புத்தாண்டு, அது 1926.

காலியான வரிகளும் உண்டு. வெளியூர் போய் ஆடக் கூடாது என்று பல்கலைக்கழக நிர்வாகம் தடைபோட்டதில் 1897இல் ஒரே ஒரு மேட்ச், 1898இல் அணியே இல்லை. 1918, 1943 இரண்டும் போர். "தொடர்ந்து இத்தனை வருஷம்" என்று யாராவது எழுதினால் அணியே ஆடாத இந்த மூன்றையும் (1898, 1918, 1943) கழித்தார்களா என்று பாருங்கள்.

சில வரிகளுக்கு நடுவில்தான் விஷயமே இருக்கும். 1970: 6-5-1. 1971: 11-1. கோச் மாறவில்லை. 1970இன் முதல் மேட்சில், பர்மிங்ஹாமில், சதர்ன் கலிஃபோர்னியா 42-21 என்று புரட்டி எடுத்தது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரர் 135 கஜம் ஓடி இரண்டு டச்டவுன் போட்டார். அந்த அடி வாங்கிய பிறகுதான் அலபாமா கறுப்பின வீரர்களைச் சேர்த்தது என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்ல நன்றாக இருக்கிறது, ஆனால் வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே உதவித்தொகையோடு சேர்ந்தாயிற்று. முதலாம் ஆண்டு மாணவர் பெரிய அணியில் ஆட 1972 வரை அனுமதி இல்லாததால் அவர் பெயர் அந்த வருஷத்து ஆட்டத்தில் வராது, அவ்வளவுதான்.

களத்தில் மாறியது தாக்குதல் முறை. 1971 கோடையில் டெக்ஸஸ் அணியின் 'விஷ்போன்' அமைப்பை ஓசைப்படாமல் பயிற்சி செய்தார்கள். பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஒரு ஃபுல்பேக், அவருக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு ஹாஃப்பேக் (இந்த மூவரும் பந்தை வாங்கி ஓடுகிறவர்கள்); மேலிருந்து பார்த்தால் கோழி நெஞ்சின் கவட்டை எலும்பு. சூட்சுமம் என்னவென்றால், எதிரணியின் ஓரத்து ஆள் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவது. அவர் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தை இழுத்து வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். பாயவில்லை என்றால் ஃபுல்பேக்கிடமே விட்டுவிடுவார். வெளியே அடுத்த ஆள் குவார்ட்டர்பேக்கை மறித்தால் பந்து பக்கத்தில் ஓடிவரும் ஹாஃப்பேக்குக்குப் பறக்கும். கெட்டுப்போவதும் அங்கேதான்: பந்தை இழுப்பதா விடுவதா என்ற அரை நொடித் தடுமாற்றத்தில் பந்து தரையில் உருளும். முதல் மேட்சிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் அதே சதர்ன் கலிஃபோர்னியாவை 17-10 என்று ஜெயித்தார்கள். கடைசி மேட்சில் நெப்ராஸ்கா 38-6 என்று உரித்தது வேறு விஷயம்.

எனக்குப் பட்டியலில் ரொம்பப் பிடித்த வரி 1955. 0-10. அதில் யாரும் எதையும் பறிக்கவில்லை, யாரும் ஓட்டும் போடவில்லை. அப்போது கோச்சாக இருந்தவரின் மூன்று வருஷம் சேர்த்து 4-24-2. அடுத்து வந்த பிரையன்ட்டின் முதல் சீசன், 1958, வெறும் 5-4-1தான். ஆனால் முந்தைய மூன்று வருஷமும் சேர்ந்து எடுத்த வெற்றியைவிட அது ஒன்று அதிகம். 11-0 வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

தலைப்பக்கத்து வரிக்கு வருவோம், 1892: 2-2. பர்மிங்ஹாம் உயர்நிலைப் பள்ளிப் பையன்களை 56-0 என்று அடித்தது முதல் வெற்றி. ஆமாம், அதுவும் கணக்கில் இருக்கிறது. மறுநாளே பர்மிங்ஹாம் அத்லெடிக் கிளப்பிடம் 4-5. இந்த ஸ்கோரைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். அப்போது டச்டவுனுக்கு 4, ஃபீல்டு கோலுக்கு 5. அணி எல்லைக்கோடு தாண்டியும் ஒரே உதையில் தோற்றது. 6க்கும் 3க்கும் வந்து சேர 1912 ஆனது.

அந்த சீசனின் நாலாவது மேட்ச் 1893 பிப்ரவரி 22, ஆபர்னோடு. 22-32 தோல்வி. அலபாமா பட்டியலில் அது 1892இன் கடைசி மேட்ச். ஆபர்ன் பட்டியலில் 1893இன் முதல் மேட்ச். இரண்டு பல்கலைக்கழகமும் இன்றுவரை அவரவர் கணக்கை மாற்றவில்லை.