ரைசரும் லிம்பும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டுமா?

குறைந்த செலவில் முதல் ரீகர்வ் வில் (முனைகள் முன்பக்கமாக வளைந்த வில்) வாங்க வழி கேட்ட கீழக்கரைத் தம்பிக்கு, "ரைசரும் லிம்பும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் பொருந்தும்" என்று பதில் வந்திருக்கிறது. ரைசர் என்பது வில்லின் நடுவே கையில் பிடிக்கும் பகுதி; லிம்ப் என்பது அதன் மேலும் கீழும் மாட்டும் வளையும் பகுதி. ஐ.எல்.எஃப் வில்லுக்கு அது சரியல்ல. ஐ.எல்.எஃப் என்பது லிம்பை ரைசரில் மாட்ட, பல கம்பெனிகளுக்கும் பொதுவான பொருத்தும் முறை. ஒரு கம்பெனியின் ரைசரில் இன்னொரு கம்பெனியின் லிம்பை மாட்டலாம். கையில் காசு குறைவாக உள்ளவருக்கு இது பெரிய உதவி. ரைசரை நல்லதாக வாங்கி, 20 பவுண்டு இழுவிசை அளவில் விலை குறைந்த லிம்பில் பழகிவிட்டு, தோளில் பலம் கூடியதும் லிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடையிலேயே சரிபார்க்கலாம், தம்பி. லிம்பின் அடிமுனையில் லாட வடிவ வெட்டும், சற்றுத் தள்ளி விரலால் அழுத்தினால் உள்ளே போய் வரும் சிறு உலோகக் குமிழும் இருந்தால் அது ஐ.எல்.எஃப். நம் கரையோர உப்புக்காற்றில் கிடந்த பழைய லிம்ப் என்றால் குமிழ் இறுகியிருக்கலாம், அழுத்திப் பார்த்தே வாங்குங்கள். போல்ட் போகும் துளை மட்டும் இருந்தால் வேறு வகை; அதற்கு மாடல் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஹோய்ட் கம்பெனியின் 'ஃபார்முலா' என்ற பொருத்தும் முறையும் ஐ.எல்.எஃப் அல்ல, தனி.