பலகையில் வந்த சின்னம்

"நிரல் எல்லாருக்கும் பொது, ஆகவே சின்னத்தையும் விரும்பினபடி போடலாம்" என்று திறந்த மூல மென்பொருள் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. திறந்த மூல உரிமம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்ற அனுமதி, நிரலுக்குத்தான். பெயரும் சின்னமும் வணிகக்குறி, அது வேறு கணக்கு. 2006இல் டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் பயர்பொக்ஸ் இணைய உலாவியைத் தங்கள் பாட்டுக்குத் திருத்தி, சின்னத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தார்கள். பயர்பொக்ஸை உருவாக்கும் மொசில்லா ஒத்துக்கொள்ளவில்லை. டெபியனில் அதன் பெயர் 'ஐஸ்வீசல்' என்று மாறி, 2016 வரை அப்படியே ஓடியது. (தீ நரி போய்ப் பனிக் கீரி வந்த கதை!)

நானும் பட்டவன்தான். திருகோணமலை உவர்மலையில் சின்னதாக ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். பலகை எழுதிய தம்பி, வடிவாக இருக்கட்டும் என்று லிப்ரே ஒபிஸ் என்ற திறந்த மூல அலுவலக மென்பொருளின் சின்னத்தைப் பெரிதாகக் கீறி, எங்கள் பெயரை அடியில் சின்னன் எழுத்தில் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் லிப்ரே ஒபிஸ்காரருடைய கிளை என்றே நினைத்தார்கள். "இது எந்த நாட்டுக் கம்பனி தம்பி, மகனுக்கு வேலை ஏதும் இருக்கோ?" என்று ஒரு ஐயா சான்றிதழ்க் கோப்போடு வந்து நின்றார். அன்றைக்கே சின்னத்தின் மேல் வெள்ளைப் பெயின்ற் அடித்து, "லிப்ரே ஒபிஸ் கற்பிக்கப்படும்" என்று மட்டும் எழுதுவித்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லப் பெயரைப் பாவிப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. வெயில் பட்டால் பழைய சின்னம் இப்பவும் மங்கலாகத் தெரியும்.