காசிக்குப் போகச் சொன்ன பெரியப்பாவுக்கு

வியட்நாமுக்குக் கூட்டிப்போய் எடுத்து, நான் இங்கே போட்ட அம்மாவின் படத்துக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை கருத்துகளில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், முழுவதையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பெரியப்பா எழுதிய ஒரு வரி மட்டும் சொல்கிறேன். "இந்தக் காசுக்குக் காசிக்குக் கூட்டிப் போயிருந்தால் புண்ணியமாவது மிஞ்சியிருக்கும்." பக்கத்தில் கும்பிடும் கை ஒன்று. அந்தக் கை எதற்கு என்றுதான் மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அந்த வரிக்கு 41 பேர் விருப்பம் போட்டிருந்தீர்கள். எண்ணினேன். அதில் ஒன்பது பேர் என் மகன் காதுகுத்தில் கறிச்சோறு சாப்பிட்டவர்கள்.

பெரியப்பா, அம்மா காசிக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். பாலக்கோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் கேழ்வரகும் பார்த்துக்கொண்டு, 61 வயது வரை பெங்களூருக்கு அந்தப் பக்கம் போகாத ஒருவர், "ஒரு தடவை விமானத்தில் ஏறிக் கடலைத் தாண்டிப் பார்க்க வேண்டும் பாப்பா" என்றார். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து நேர் விமானம் இருந்தது, மின்விசா ஒருவருக்கு 25 டாலரில் முடிந்தது, அதனால் வியட்நாம். ஹோ சி மின் நகரம், ஐந்து நாள்.

பணத்திமிர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆனது. நான் கட்டிய சீட்டுப் பணம். காதுகுத்துக்கு மூன்று லட்சம் கரைந்தபோது யாரும் கணக்குக் கேட்கவில்லை. இலையில் எலும்புதான் அதிகம் விழுந்தது என்ற குறை மட்டும் வந்தது.

வயதான காலத்தில் அலைக்கழிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஊர்ச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். ஓடாமல், நிற்காமல், ஒரே சீராக நடந்தால் வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் படித்துவிட்டுப் போன நான் பத்து நிமிடம் ஓரத்திலேயே நின்றேன். எதுவும் படிக்காத அம்மா, மாட்டு மந்தைக்குள் புகுந்து நடப்பவர்போல என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டார். அலைக்கழிந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. போகும்போதே கைப்பையிலிருந்த மாங்காய் ஊறுகாயைப் பெங்களூரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பாடு பெரிய பாடு. எதைக் கேட்டாலும் அதில் மீன் சாறு இருந்தது. "சாய்" என்றால் அங்கே சைவம் என்று இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த ஊர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

நோட்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது சொல்வதற்குள். அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். முதலாவது நம் காசில் எழுபது ரூபாய்கூட வராது. இரண்டாவது ஏறத்தாழ 1,700 ரூபாய். ஆற்றோரத்தில் இளநீர் குடித்துவிட்டு அம்மா பெரிய நீலத்தைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்துவிட்டார். விடுதிக்கு வந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் கத்தினேன். "உன்னை யார் பணத்தை எடுக்கச் சொன்னது, கூட்டிக்கொண்டு வந்ததே தப்பு" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கொண்டுபோன கேழ்வரகு மாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் படுக்கையில் அம்மா இல்லை. மொழி தெரியாது, அவரிடம் இருந்த போன் அங்கே வேலை செய்யாது. வரவேற்பறைப் பையன் வாசலைக் காட்டினான். அடுத்த முக்கால் மணி நேரம் நான் பட்டதைச் சொல்ல மாட்டேன். கடைசியில் எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார், அதே சீரான நடை, தலையில் பனையோலைக் கூம்புத் தொப்பி. இளநீர்க்காரம்மா கடை விரிக்கும் வரை காத்திருந்து, ஒரு 20,000 நோட்டை நீட்டி, விரலால் பெரிதாகக் காட்டி, நெஞ்சைத் தட்டிக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் இடுப்புப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்துவிட்டாளாம். என் கையில் நான்கு லட்சம் டாங்கை வைத்துவிட்டு, "மீதிக்குத் தொப்பி வாங்கினேன். எண்ணிக்கோ" என்றார்.

நீங்கள் கருத்து எழுதிய படம் அப்போது எடுத்ததுதான் பெரியப்பா. வாயைத் திறந்து சிரிக்கிறார் பாருங்கள். அம்மா படத்துக்குச் சிரிக்கவே மாட்டார், உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு அந்தத் தலைமுறைப் பற்களில் பழுப்புக் கோடாக நிற்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தபோது அம்மா ஐம்பதை நெருங்கிவிட்டார். என் கல்யாண ஆல்பம் முழுவதும் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறார். முதல் தடவையாகப் பல் தெரிய ஒரு படம் கிடைத்தது, போட்டேன். அதற்குக் கீழேதான் புண்ணியக் கணக்கு வந்து விழுந்தது.

இதையெல்லாம் ஏன் பொதுவில் போடுகிறாய் என்று தம்பி கேட்கிறான். அதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. போட வேண்டும் போல இருந்தது.

காசி மேல் எனக்குப் பகை இல்லை. ஹோ சி மின் நகரத்திலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பென் தான் என்ற சந்தைக்குப் பக்கத்தில், தமிழர்கள் கட்டியது. வியட்நாம்காரர்கள் ஊதுபத்தியோடு வந்து கருவறைச் சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுக்கிறார்கள். அம்மாவும் வைத்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை. இதைச் சொல்லி உங்களிடம் மதிப்பெண் வாங்க நினைக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன், சரி.

உண்மையில் நான் சொல்ல நினைத்தது வேறு. பாஸ்போர்ட்டில் அம்மாவுக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. திரும்பி வரும்போது விமானம் ஏறும் வாயிலில் உட்கார்ந்திருந்தோம். சரக்கில் போடும் பெட்டிக்குள் பவர் பேங்க் வைக்கக் கூடாது, நான் அம்மாவின் பெட்டியில் வைத்துவிட்டேன். அதற்காக ஓர் ஊழியப் பெண் காகிதத்தைப் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். முதல் பெயரை விட்டுவிட்டாள். அப்பாவின் பெயரை மட்டும், ராகம் போட்டு, மூன்று தடவை. எனக்கு விளங்கவில்லை. அம்மா எழுந்து நின்றுவிட்டார். "அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் பாப்பா" என்றார்.

31 வருடம் அவரோடு வாழ்ந்து ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயர். வங்கியில் கேட்டால்கூட ரேஷன் அட்டையைத்தான் நீட்டுவார். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அந்தப் பெண் மறுபடி அதே பெயரைச் சொல்லி நீங்கள்தானா என்று சைகையில் கேட்டாள். அம்மா தலையாட்டிவிட்டு அவள் பின்னால் போனார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடத்தில் அம்மாவைக் காசிக்கு யார் கூப்பிட்டீர்கள்? நீங்கள் போனீர்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களோடு பதினோரு நாள் போனீர்கள். அந்தப் பதினோரு நாளும் உங்கள் வீட்டு நான்கு மாடுகளுக்குத் தீவனம் போட்டுப் பால் கறந்து ஊற்றியது யார்? பஸ்ஸில் இடம் இல்லை என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? திரும்பி வந்து ஒரு சின்னச் செம்பில் கங்கைத் தண்ணீரும் கறுப்புக் கயிறும் கொடுத்தீர்கள். அந்தச் செம்பு இன்னும் சாமி மாடத்தில் இருக்கிறது. அன்றைக்கு இல்லாத புண்ணியம் இன்றைக்கு என் சீட்டுப் பணத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்துவிட்டது.

மரியாதைக் குறைவாகப் பேசுகிறேன் என்பீர்கள். நானும் ஒரு கும்பிடும் கை போட்டுவிடுகிறேன், சரியாகிவிடும்.

உங்கள் கருத்தை அழிக்கத்தான் இருந்தேன். நேற்று இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அழிக்காதே, பெரியவர் எழுதியது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "என் படத்துக்கு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"212."

"அவருக்கு?"

"41."

பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார்.